பலகையில் இருந்த அம்மா

விமான நிலையத்தை தேவனஹள்ளிக்குக் கொண்டுபோன பிறகு அடுகோடிக்கு மேலே வானம் சத்தமே இல்லாமல் போய்விட்டது. சந்துக்காரர்களுக்கு நிம்மதி. டிவியில் பேசுவது ஒழுங்காகக் காதில் விழுகிறது, கைக்குழந்தைகள் மத்தியானத்தில் தூங்குகின்றன என்று சொல்லிக்கொண்டார்கள். வனஜாவுக்கு மட்டும் என்னவோ போலிருந்தது. துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனால் கை தானாகவே நெற்றிக்கு மேலே போய் வெயிலை மறைக்கும், கண் மேலே போகும். அங்கே ஒன்றும் இருக்காது. லேத் பட்டறையிலிருந்து சாப்பிட வரும் அவள் கணவன் அர்ஜுனன் கீழே இருந்தபடியே, இன்னுமா பழக்கம் போகவில்லை என்று கேலி செய்வான்.

அந்தப் பழக்கத்தை அவளுக்கு ஒட்டவைத்துவிட்டுப் போனவள் பிரபா. சந்தில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் பிரபாவைப் பற்றிச் சொல்வார்கள். தூரத்தில் விமானத்தின் உறுமல் கேட்டால் போதும், வாயில் சோறு இருந்தாலும் சரி, தலையில் சோப்பு நுரை இருந்தாலும் சரி, வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கைகளையும் ஆட்டுவாள். அம்மணமாக நின்று ஆட்டிய நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் விமானங்கள் கூரையை உரசுகிற மாதிரி அவ்வளவு தாழ்வாக வரும். அதில் ஏதோ ஒரு ஜன்னலில் உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று வனஜா சொல்லிவைத்திருந்தாள். பெரிய பொய் ஒன்றும் இல்லை. அம்மா விமானத்தில்தான் வரவேண்டும். எந்த விமானம் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

பிரேசர் டவுனில் ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. அங்கே விடப்பட்ட குழந்தைகளில் சிலரைத் தத்தெடுக்க வெளிநாட்டில் ஆட்கள் காத்திருப்பார்கள். கோர்ட்டு உத்தரவு வரும்வரை குழந்தைகள் தொட்டில் தொட்டிலாகக் கிடப்பதைவிட ஒருத்தி மடியில் வளரட்டும் என்று இல்லத்தார் அவர்களைச் சில வீடுகளில் விட்டுவைப்பார்கள். அப்படி வளர்த்துக்கொடுக்கும் பெண்களில் வனஜாவும் ஒருத்தி. இல்லத்துக்காரர்கள் அவளை ஃபாஸ்டர் மதர் என்றார்கள். சந்தில் அவள் பெயர் 'பாரின் புள்ள வனஜா'.

அவள் அந்த வேலைக்குப் போனது ஆசைப்பட்டு அல்ல. அவளுக்கென்று ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர்கூட வைக்காமல் மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு தரிக்கவில்லை. அந்த வீட்டுச் சுவரில் சாமிக்கென்று ஒரு மரப்பலகை இருந்தது. அர்ஜுனன் வீட்டார் அவன் அப்பா காலத்திலிருந்தே பௌத்தர்கள். அதனால் பலகையின் பாதியில் புத்தர் இருந்தார். மறுபாதியில் வனஜா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மாரியம்மன் படம். ஆளுக்குப் பாதி என்று கல்யாணத்தன்றே சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். குழந்தை போன பிறகு வனஜா மாரியம்மனைப் பழைய புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள். புத்தர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவரிடம் அவள் எதையும் கேட்டதில்லையே.

முதலில் அவளிடம் வளர்ந்தவன் அஷ்வின். ஒன்றரை வயதில் அவனை வந்து வாங்கிப் போனார்கள். அவனுக்கு அவள் ஒன்றுமே சொல்லித்தரவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று இருந்துவிட்டாள். வெள்ளைக்கார அம்மா கை நீட்டியபோது அவன் கத்திய கத்தல் இல்லத்து மாடியைத் தாண்டித் தெருமுனை வரை கேட்டது. வாந்தி எடுத்தான். வனஜாவின் புடவைத் தலைப்பை அவன் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவள் அந்தப் புடவையை மறுபடி உடுத்தவே இல்லை. இனி ஒரு குழந்தை தன் கையிலிருந்து போவதானால் சிரித்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று மனசுக்குள் சத்தியம் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டாள்.

காவிரிக் கலவரம் அடங்கிய அடுத்த வருடம் பிரபா வந்தாள். எட்டு மாதக் குழந்தை, மூக்கு ஒழுகிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் முறைத்துக்கொண்டு. அவளைக் கேட்டிருந்தவர்கள் டென்மார்க்கில் இருந்த ஓலே, கிர்ஸ்டன் என்ற புருஷன் பெண்டாட்டி. இல்லத்திலிருந்து வீடு வீடாக வந்து குழந்தைகளைப் பார்த்துப் போகும் கிளாரன்ஸ் ஒரு நாள் தன் லூனாவில் வந்து இறங்கி, அவர்களுடைய போட்டோ ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தினம் காட்டுங்கள், அம்மா அப்பா என்று சொல்லிக்கொடுங்கள் என்றார். தீபாவளிக்குள் வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். எந்தத் தீபாவளி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

குழந்தை கைக்கு எட்டினால் கண்ணாடி உடையும். எட்டாத இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். மாரியம்மன் இருந்த காலிப் பாதியில் வனஜா போட்டோவை வைத்தாள். பலகையில் ஏறிய படத்தைச் சும்மா விட அவள் கைக்குப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டு லட்சுமம்மா பூக்கட்டி விற்பவள். சாயங்காலம் மிஞ்சியதில் ஒரு முழம் கொடுப்பாள். அதில் கொஞ்சம் பிரபாவின் தலைக்கு, கொஞ்சம் போட்டோவுக்கு என்று ஆயிற்று. முகம் கழுவி, பவுடர் போட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கி நிறுத்தி, அவள் கையாலேயே பூவை வைக்கச்செய்து, கைகூப்பச் சொல்வாள். "அம்மா அப்பா சீக்கிரம் வரணும்." பிரபா பேசக் கற்ற முதல் முழு வாக்கியமே அதுதான்.

அந்தத் தீபாவளி போயிற்று. வக்கீல்கள் ஸ்டிரைக் என்று கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். அவர்கள் போகத் தொடங்கியபோது நீதிபதி மாறிப்போனார். டில்லியிலிருந்து வரவேண்டிய அனுமதி வந்தது, அதற்குள் அங்கே டென்மார்க்கில் வாங்கிய காகிதத்தின் காலம் முடிந்திருந்தது. ஒன்று வந்தால் ஒன்று பழசாகிவிடும். கிளாரன்ஸ் ஒவ்வொரு முறை வரும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றும் விதத்திலேயே வனஜாவுக்குச் சேதி தெரிந்துவிடும்.

இந்த நடுவில் ஒரு கூத்து நடந்தது. குழந்தை எப்படி வளர்கிறாள் என்று காட்ட கிளாரன்ஸ் வீட்டிலேயே ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார். பிரபா அழகாகத்தான் விழுந்திருந்தாள். பின்னால் பலகை, பலகையில் கிர்ஸ்டனும் ஓலேயும், அவர்கள் நெற்றியில் குங்குமம், கழுத்துக்குக் கனகாம்பர மாலை, எதிரே விளக்கு. கிர்ஸ்டன் அதைத் தன் ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரரிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். அவர், எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் படத்துக்குத்தான் இப்படி மாலை போடுவோம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே அவள் இல்லத்துக்குப் போன் போட்டு, நாங்கள் செத்துப்போய்விட்டோம் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டீர்களா என்று அழுதாளாம்.

கிளாரன்ஸ் லூனாவை நிறுத்தும்போதே கத்திக்கொண்டுதான் வந்தார். வனஜா முழுதும் கேட்டுவிட்டு, நிதானமாக ஒன்றே ஒன்று சொன்னாள்.

"செத்தவங்களுக்கு மட்டுமா சார் மாலை போடறோம்? சாமிக்குப் போடறதில்லையா?"

கிளாரன்ஸ் பிரேசர் டவுன் கிறிஸ்தவர். இருந்தாலும் தமிழர்தானே, அவருக்கு அது புரிந்தது. சிரித்துக்கொண்டே போய் டென்மார்க்குக்குப் பதில் சொன்னார். மாலை பலகையிலேயே இருந்தது.

இரண்டாவது தீபாவளியும் போய்ப் பொங்கலும் போன பிறகு ஒரு சாயங்காலம் கிளாரன்ஸ் வந்து உட்கார்ந்தார். அன்று ஹெல்மெட்டைக் கழற்றவே மறந்திருந்தார். மனுவைக் கோர்ட்டில் திருப்பிவிட்டார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து போடவேண்டும் என்றார்.

"அவங்களும் எவ்ளோதான் காத்திருப்பாங்க வனஜாம்மா? வேற குழந்தைய பாக்கறீங்களான்னு அங்க ஆபீஸ்ல கேட்டிருக்காங்களாம். அவங்க சரின்னுட்டா, இவளுக்கு வேற யாரயாச்சும் தேடணும்."

அவர் போன பிறகு டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்த வனஜாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, அது சந்தோஷம். அது தெரிந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. அர்ஜுனன் வேறு அவள் முகத்தைப் பார்க்காமல், இவளை நாமே தத்துக் கேட்டால் என்ன என்று மெதுவாகச் சொன்னான். வனஜா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். பலகையிலிருந்து போட்டோவை எடுத்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவையில் சுற்றிக்கிடந்த மாரியம்மனுக்கு மேலே அதைக் கவிழ்த்துவைத்து மூடினாள். பார்க்காமல் இருந்தால் குழந்தை மறந்துவிடும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஞாபகம் என்ன பெரிய ஞாபகம்.

லட்சுமம்மா வீட்டிலிருந்து பூவோடு ஓடிவந்த பிரபா பலகையைப் பார்த்தாள். வனஜா அவளைப் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அழுவாள், இரண்டு நாள் அழுவாள், பிறகு சரியாகிவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பிரபா அழவில்லை. பலகையின் காலிப் பாதியையே கொஞ்ச நேரம் பார்த்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பாயிற்று.

"அம்மா கெளம்பிட்டா. பிளேன்ல ஏறிட்டா."

சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடி, வானத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். விமானம் எதுவும் வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

வனஜா களைந்துகொண்டிருந்த அரிசி தண்ணீரிலேயே கிடந்தது. கண்ணால் பார்க்காத ஒருத்தியை நம்பு என்று தினம் விளக்கேற்றிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். குழந்தை நம்பிவிட்டது. சொல்லிக்கொடுத்தவள்தான் நம்பவில்லை. இத்தனை நாளும் அவள் பூ வைத்தது வேலைக்காக, கிளாரன்ஸ் சொன்னதற்காக. அந்த வெட்கம் அவளைச் சுட்டது. எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்தாள். பிறகு அடியில் கிடந்த புடவையையும் பிரித்து மாரியம்மனை எடுத்தாள். பலகையில் மூன்று படத்துக்கு இடம் போதவில்லை. புத்தரைக் கொஞ்சம் நகர்த்தித்தான் வைக்கவேண்டியிருந்தது.

"எனக்குக் கேட்டப்ப நீ குடுக்கல. போகட்டும் விடு" என்றாள் மாரியம்மனிடம், சண்டை போடுகிற குரலிலேயே. "இப்ப எனக்குக் கேக்கல. அவளுக்குக் கேக்கறேன். அந்தப் பொம்பளய பிளேன்ல ஏத்து."

தன் ஆசைக்கு எதிராகவே தான் வேண்டிக்கொள்வது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் வேண்டிய பிறகு, தன் குழந்தை போன நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகி வழிந்தது. தனக்கென்று கொடுத்ததை வளர்ப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்னொருத்திக்காக ஒரு பிள்ளையைப் பத்திரமாக, முழுசாக, அன்பு குறையாமல் வைத்திருந்து கொடுக்கவும் ஒருத்தி வேண்டுமே. அந்த ஒருத்தி தான்தான் என்று வனஜா அன்றைக்கு ஒப்புக்கொண்டாள்.

வேறு குழந்தை வேண்டாம் என்று கிர்ஸ்டன் சொல்லிவிட்டதாகப் பிறகு கிளாரன்ஸ் வந்து சொன்னார். அடுகோடியில் என் மகள் தினம் எனக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி வேறொருத்தியைப் பார்ப்பேன் என்று கேட்டாளாம். மனுவை மறுபடி போட்டார்கள். மழைக்காலம் வந்தது, போயிற்று. மூன்றாவது தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் உத்தரவு வந்தது, பின்னாலேயே அவர்களும் வந்தார்கள்.

பிரேசர் டவுன் இல்லத்து ஆபீஸ் அறையில் கிர்ஸ்டன் நின்றிருந்தாள். கடைத்தெருவில் வாங்கிய சுடிதார் அவள் உயரத்துக்கு முழங்காலோடு நின்றுவிட்டிருந்தது. ஓலே கையில் கேமராவை வைத்துக்கொண்டு படம் எடுக்காமல் அழுதுகொண்டிருந்தான். வனஜா பிரபாவை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். அஷ்வினின் கத்தல் அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிரபா கத்தவில்லை. பார்த்தவுடனேயே அடையாளம் கண்டுகொண்டாள். நேராக நடந்துபோனாள். கிர்ஸ்டன் மண்டியிட்டாள். பிரபா தன் தலையிலிருந்த பூவை இழுத்து எடுத்து, அந்தப் பொன்னிற முடியின் மேல் வைத்தாள். ஒரு அடி பின்னால் வந்து கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா அப்பா சீக்கிரம் வரணும்" என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பி ஓடிவந்து வனஜாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"கும்பிட்டாச்சு. வா, வீட்டுக்குப் போலாம்."

கிர்ஸ்டன் தலையில் பூவோடு, குழந்தை என்ன சொன்னாள் என்று கிளாரன்ஸைப் பார்த்தாள். அவர் மொழிபெயர்க்க வாயெடுத்து, முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வனஜாவுக்குத் தன் தவறு அப்போதுதான் விளங்கியது. சாமியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் சாமியோடு யாரும் கிளம்பிப் போவதும் இல்லை. கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

குழந்தையின் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை, சில வாரம் ஆகலாம் என்று கிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இத்தனை வருடத்தில் தாமதம் என்ற சொல்லைக் கேட்டு வனஜாவுக்கு ஒரு உயிர் வந்தது அன்றைக்குத்தான். அவங்களை எங்க வீட்டுக்கு வரச்சொல்லுங்க சார், தினம் வரட்டும் என்றாள்.

மறுநாள் ஆட்டோவில் வந்து இறங்கிய கிர்ஸ்டனைப் பார்க்கச் சந்தே கூடிவிட்டது. வனஜா முதல் காரியமாகப் பலகையிலிருந்து போட்டோவை எடுத்து அவள் பையிலேயே போட்டாள். இனி இவள் மாரியம்மனுக்கும் புத்தருக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது, கீழே பாயில் இருக்கவேண்டும். பிரபா இரண்டு நாள் பலகையையும் பாயையும் மாறிமாறிப் பார்த்துக் குழம்பினாள். பூவைக் கொண்டுவந்து கிர்ஸ்டன் தலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவிடுவாள். வனஜா விடவில்லை. பீத்துணி அலசுவது, பேன் பார்ப்பது, ரசஞ்சாதத்தைப் பிசைந்து துரத்தித் துரத்தி ஊட்டுவது என்று சாமிகள் செய்யாத வேலையெல்லாம் கிர்ஸ்டன் தலையில் கட்டினாள். பாஷை தெரியாதது ஒரு குறையாகவே இல்லை. ஓலே அர்ஜுனனோடு பட்டறைக்குப் போய் லேத் மெஷினை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு காலையில் வனஜா குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வை நோக்கிப் பிரபா கையை நீட்டியிருக்கிறாள். கிர்ஸ்டன் அவள் பாஷையில் ஒரு அதட்டல் போட்டுக் குழந்தையை வெடுக்கென்று இழுத்தாள். சத்தம் குழாய் வரை வந்தது. வனஜா குடத்தை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

பிரபா நடு வீட்டில் திகைத்துப்போய் நின்றாள். அந்த அம்மா அவளை ஒரு நாளும் அதட்டியதில்லை. பலகையில் இருந்தபோது சிரித்துக்கொண்டே இருந்தவள். உதடு பிதுங்கியது, அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்ற வனஜாவைப் பார்த்தாள். வனஜா தன்னையறியாமல் இரண்டு கையையும் நீட்டினாள். பிரபா இந்தப் பக்கம் ஒரு எட்டு எடுத்துவைத்தாள். பிறகு திரும்பிப்போய், அதட்டியவளின் கழுத்தையே கட்டிக்கொண்டு, அவள் தோளில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள்.

வனஜா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு குழாயடிக்குத் திரும்பினாள். குடம் எப்போதோ நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டியது கிடைத்துவிட்டது. வேண்டியது கிடைத்தால் இப்படி வலிக்கும் என்று மாரியம்மன் சொல்லவில்லை.

போகிற நாளன்று பிரபா ஆட்டோவில் ஓரத்தில்தான் உட்காருவேன் என்று கிர்ஸ்டனோடு சண்டை பிடித்து, ஜெயித்து, சிரித்துக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வனஜா விமான நிலையத்துக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் நின்று, சாயங்காலம் ஏறிய முதல் விமானத்துக்கு இரண்டு கைகளையும் ஆட்டினாள். அது வேறு ஊர் விமானமாகக்கூட இருந்திருக்கலாம். அடுத்ததற்கும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ குழந்தைகள் வளர்ந்து போனார்கள். அவர்களுடைய அம்மா அப்பா போட்டோவை அவள் பலகையில் வைக்கவே இல்லை. குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில், கண்ணாடி இல்லாமல், சுவரில் ஒட்டிவைத்தாள். அவர்கள் அதை முத்தமிட்டார்கள், அடித்தார்கள், அதன்மேல் சோற்றைப் பூசினார்கள். எல்லோரும் நல்லபடியாகவே போனார்கள். பலகையில் மாரியம்மனும் புத்தரும் பழையபடி ஆளுக்குப் பாதியில் இருந்தார்கள்.

விமானச் சத்தம் நின்ற அந்த வருடத்து மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கிளாரன்ஸ் வந்தார். தலை முழுக்க நரைத்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றிருந்தார். லூனா போய் ஸ்கூட்டர் வந்திருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்ததென்று ஒரு போட்டோவைக் கொடுத்தார். அர்ஜுனனும் லட்சுமம்மாவும் எட்டிப் பார்த்தார்கள். நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண், யாரையோ முறைக்கிற அதே முறைப்பு. அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப்பலகை. பலகையில் எப்போதோ ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பிய வனஜா அர்ஜுனன் படம். அதற்குக் காகிதப் பூவில் ஒரு மாலை, எதிரே எரிகிற மெழுகுவத்தி.

"ஏனம்மா இது, உயிரோட இருக்கறவங்களுக்கு ஹாரமா?" என்று லட்சுமம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அர்ஜுனனுக்கு ஒரே பெருமை. புத்தரிடம் சொல்லவேண்டும், நமக்கும் பலகை கிடைத்துவிட்டது என்றான்.

வனஜா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கைகள் கூப்பினபடி இருந்தன. அதைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த மாலய எடுத்துடச் சொல்லுங்க சார்" என்றாள். "சாமின்னு வெச்சா தெனம் கும்பிட்டுட்டு அது பாட்டுக்கு இருந்துடும். நான் சாமி இல்ல. அத நான் நேர்ல திட்டி எவ்ளோ வருஷம் ஆச்சு. ஒரு தரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

கிளாரன்ஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு செல்போனில் நம்பரைத் தேடினார். தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு எங்கிருந்து பஸ் ஏறவேண்டும் என்று அர்ஜுனன் லட்சுமம்மாவிடம் விசாரிக்க ஆரம்பித்தான்.